அவுன்சு பதினாறு, கிராம் ஆயிரம்

மாத்தளை மாவட்டத்து உக்குவளையில் விளைந்த ஒரு தொகுதி மிளகை எடுத்துக்கொள்வோம். 1960இல் அதை நிறுத்தவர் கணக்குப் புத்தகத்தில் 3 அந்தர், 2 கால், 17 இறாத்தல் என்று எழுதியிருப்பார். அதே மிளகு இன்று தராசில் ஏறினால் 185.519 கிலோ. இரண்டு பேரிடமும் ஒரே வேலையைக் கொடுப்போம்: உங்கள் முறையில் உள்ள சிறிய அலகுக்கு இதை மாற்றித் தாருங்கள்.

முதலாமவர் பென்சிலைக் காதிலிருந்து எடுக்க வேண்டும். ஓர் அந்தருக்கு 112 இறாத்தல், ஆகவே மூன்று அந்தருக்கு 336. கால் அந்தர் 28 இறாத்தல், இரண்டுக்கு 56. மிச்சப் 17ஐயும் கூட்டினால் 409 இறாத்தல். அதைப் பதினாறால் பெருக்கினால் 6,544 அவுன்சு. இரண்டாமவருக்குப் பென்சில் வேண்டாம். புள்ளியை மூன்று இடம் தள்ளினால் 1,85,519 கிராம். அதையே மில்லிகிராம் ஆக்கச் சொன்னாலும் இன்னும் மூன்று பூச்சியம்தான். தொன் ஆக்கச் சொன்னால் புள்ளி மறுபக்கம் நகரும்: 0.185519.

பாடப்புத்தகங்கள் இந்த இடத்தோடு ஒப்பீட்டை முடித்துக்கொள்கின்றன. பழையது சிக்கல், புதியது எளிது, காரணம் பத்து. இந்தக் காரணம் பாதிதான் சரி. பத்து என்ற எண்ணுக்குள் தனியாக ஒரு மந்திரமும் இல்லை. நிறையும் அதனோடு சேர்ந்து வருகிற இன்னொரு கணக்கும், அதாவது விலையோ கனவளவோ, ஒரே எண்ணால் படியிறங்குகின்றனவா என்பதில்தான் எளிமை இருக்கிறது.

இந்தியாவின் பழைய கணக்கில் ரூபாய்க்கு 16 அணா. வட இந்தியச் சேருக்கு 16 சட்டாக். ஒரு சேர் சீனி மூன்று ரூபாய் என்றால் ஒரு சட்டாக் மூன்று அணா. பெருக்கலும் இல்லை, வகுத்தலும் இல்லை. எழுதத் தெரியாதவருக்கும் அந்த விலை வாயில் வரும். இறாத்தலுக்கும் 16 அவுன்சு என்பதால், அணா புழங்கிய இடத்தில் இறாத்தல் விலையும் அதே சுகத்தோடு அவுன்சு விலையாகும். பதினாறின் பக்கத்தில் பதினாறு இருக்கும்வரை பத்துக்கு அங்கே வேலையே இல்லை. இந்தியா 1957 ஏப்ரல் 1இல் அணாவை எடுத்துவிட்டு ரூபாய்க்கு 100 நயா பைசா என்றாக்கியது. மறு ஆண்டு ஒக்டோபர் 1இல் மெற்றிக் எடைகள் கட்டம் கட்டமாகக் கடைகளுக்கு வரத் தொடங்கின. நாணயமும் எடையும் ஒன்றரை ஆண்டு இடைவெளியில் கைகோத்துக்கொண்டு மாறின.

இலங்கையில் நடந்தது வேறு. இங்கே ரூபாய்க்கு 100 சதம் என்பது 1872இலேயே வந்துவிட்டது. எடை மட்டும் இறாத்தலிலும் அந்தரிலும் நின்றது. மெற்றிக்குக்கு மாறும் வேலை 1970களில்தான் தொடங்கியது. சர்வதேச அலகுகளுக்கு இன்றுள்ள சட்ட அடித்தளம் 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம். ஆக ஒரு நூற்றாண்டு முழுக்க இந்த நாட்டுக் கடைக்காரர் நூறால் எண்ணும் காசையும் பதினாறால் எண்ணும் எடையையும் ஒரே கல்லாவில் வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார். உலகத்தில் இதைவிட அசௌகரியமான சோடி குறைவு. மிளகு இறாத்தல் 2 ரூபாய் 35 சதம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அவுன்சு கேட்டு வருகிறார் ஒருவர். 235ஐ ஐந்தால் பெருக்கிப் பதினாறால் வகுத்தால் 73.4375 சதம். 73ஆ, 74ஆ? அந்த அரைகுறைச் சதத்தைத் தீர்மானிப்பது கல்லாவுக்குப் பின்னால் இருப்பவர். வாங்குபவர் மனக்கணக்கில் சரிபார்க்கவே முடியாது. இன்று கிலோ 2,350 ரூபாய் என்றால் 100 கிராம் 235, 50 கிராம் 117.50. வாங்குகிறவரும் அதே நொடியில் அதே எண்ணுக்கு வந்துவிடுவார். மெற்றிக் இலங்கைக்குச் செய்த பெரிய உபகாரம் இதுதான் என்பது என் எண்ணம். நூறு ஆண்டாகத் தனியாக நின்ற சதத்துக்கு ஒரு சோடி கிடைத்தது.

ஆனால் பதினாறை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிடவும் முடியாது. பழைய படிக்கற்களைப் பாருங்கள்: 1 அவுன்சு, 2, 4, 8. நான்கே கற்கள். இவற்றை மாற்றி மாற்றி வைத்தால் 1 முதல் 15 வரை எந்த முழு அவுன்சையும் நிறுக்கலாம். மெற்றிக் கற்களில் 1, 2, 2, 5 என்று வரும். அவையும் நான்குதான், ஆனால் எட்டுவது பத்துவரைதான். பாதி, கால், அரைக்கால் என்று பிரிக்கும் கைக்குப் பதினாறு வாகானது. 8, 4, 2, 1 என்று நான்கு முறை முழு எண்ணிலேயே இறங்கும். ஆயிரம் கிராம் 500, 250, 125 என்று மூன்று முறை இறங்கும். நான்காம் முறை 62.5 என்று இடறும். அரைக் கிலோ, கால் கிலோ என்று இன்றும் கேட்கிறோம் அல்லவா, அது மெற்றிக் அலகில் பழைய பழக்கம் வாழ்வது. 200 கிராம் என்று கேட்பவரைவிட 250 கேட்பவரே அதிகம்.

நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தவர்களின் கையில் இதற்கும் முந்தைய கணக்கொன்று இருந்தது. மன்னார்க் கரையில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்து வந்த தமிழ்த் தொழிலாளரின் ஊர்களில் பலமும் வீசையும் மணங்கும் புழக்கம். சென்னைக் கணக்கில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு, மணங்கு 25 இறாத்தல். வந்த இடத்தில் கோப்பித் தோட்டத்துத் துரை அந்தரில் கணக்கெழுதினார். 1870களின் தொடக்கத்தில் இலங்கையின் கோப்பி ஏற்றுமதி ஆண்டுக்குப் பத்து இலட்சம் அந்தர் அளவில் இருந்தது. இன்றைய கணக்கில் ஏறத்தாழ 50,800 மெற்றிக் தொன். கொழும்புத் துறைமுகத்தில் அந்தராக எழுதப்பட்டதைச் சுமந்தவர், ஊரில் தன் வீட்டு நெல்லை மணங்காகவும் கலமாகவும் நினைத்தவர். இரண்டுக்கும் நடுவே மாற்றட்டவணை எதுவும் அவரிடம் இல்லை. மாற்றிச் சொல்லவேண்டியவர் கங்காணி. அவர் சொன்னதுதான் எடை.

மின்னணுத் தராசு வந்தபிறகு படிக்கல் ஒப்பீடு பழங்கதை. ஆனால் அந்தத் தராசை ஒருமுறை அருகில் நின்று பார்க்கலாம். கண்டி வீதி ஓரத்து வாசனைத் திரவியக் கடைகளில் சாதிக்காய், வசவாசி, கராம்பு, ஏலம் எல்லாம் சிறு அளவில் விற்கப்படுபவை. தராசின் முகப்புத் தகட்டில் மூன்று எண்கள் பொறித்திருக்கும்: எவ்வளவு வரை நிறுக்கலாம், எவ்வளவுக்குக் கீழே நிறுக்கக்கூடாது, காட்டும் படி எவ்வளவு. சாதாரணக் கடைத் தராசின் படி 5 கிராம். அந்த வகைத் தராசின் குறைந்த எடை படியின் இருபது மடங்கு, அதாவது 100 கிராம். அதற்குக் கீழே அது காட்டும் எண்ணை நம்பவேண்டாம் என்று தராசைச் செய்தவரே எழுதி வைத்திருக்கிறார்.

"முதலாளி, ஏலம் ஒரு இருபத்தஞ்சு கெராம் குடுங்க."

"இருபத்தஞ்சுக்கு இது சரியாக் காட்டாது அக்கா. பக்கெட் இருக்கு, பத்துப் பத்து கெராம்."

இப்படிச் சொல்லும் முதலாளி நேர்மையான மனுசன். சொல்லாமல் நிறுத்துக் கொடுத்தால் 22.5க்கும் 27.5க்கும் இடையில் உள்ள எதையும் தராசு 25 என்றே காட்டும். பத்தில் ஒரு பங்கு இப்படியோ அப்படியோ போகலாம். மிளகில் அது ஒன்றும் பெரிதல்ல. ஏலத்தில் பெரிது. கிலோவை ஆயிரத்தால் பெருக்கிக் கிராம் ஆக்குவது தாளில் நொடிப்பொழுது. தராசு அந்தக் கிராமைக் காணுமா என்பது வேறு கேள்வி. 185.519 என்று மேலே நான் எழுதியதும் அப்படித்தான். கடைசி இரண்டு இலக்கங்கள் பெருக்கலில் பிறந்தவை, மிளகு மூட்டைத் தராசு அவற்றைக் காட்டாது.

கொழுந்து மடுவத்தில் இதே கேள்வி வயிற்றுப்பாடாகிவிடுகிறது. மாத்தளை மாவட்டத்தில் மிளகும் கொக்கோவும் மட்டுமல்ல, தேயிலையும் உண்டு. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். பேர் விழ வேண்டுமானால் குறித்த கிலோ கொழுந்து எடுத்தாக வேண்டும். பல தோட்டங்களில் அது 18 கிலோ. குறைந்தால் அரைப் பேர். கூடினால் மேலதிகக் கிலோவுக்குக் காசு. ஒரு நாளில் பெரும்பாலும் மூன்று முறை நிறுவை. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று ஒரு பங்கு கழிப்பார்கள். அந்தக் கழிவைப் பற்றிய சண்டை தோட்டத்தில் பிறந்த எவரும் அறிந்தது. அதைவிட அமைதியாகப் போகும் இன்னொரு கழிவு உண்டு, அது அலகிலிருந்து வருவது.

நிறுக்கிறவர் முழு எண்ணை மட்டும் எழுதி மிச்சத்தை விட்டுவிடுகிறார் என்று வையுங்கள். 7.8 என்றால் 7. விடுபடும் துண்டு சில நேரம் பூச்சியத்துக்கு அருகில், சில நேரம் ஒன்றுக்கு அருகில், சராசரியாக அரை அலகு. இறாத்தல் காலத்தில் அரை இறாத்தல் வீதம் மூன்று நிறுவைக்கு ஒன்றரை இறாத்தல் போகும், அதாவது 0.68 கிலோ. கிலோ காலத்தில் அதே பழக்கம் தொடர்ந்தால் ஒன்றரைக் கிலோ. மாதம் 25 நாள் வேலை என்றால் இறாத்தல் கணக்கில் 17 கிலோ, ஏறத்தாழ ஒரு பேர். கிலோ கணக்கில் 37.5 கிலோ, இரண்டு பேருக்கும் மேலே. எழுதுபவர் திருடவில்லை, பழக்கத்தை மாற்றவும் இல்லை. அலகு 2.2 மடங்கு பெரிதானது, அவ்வளவுதான். இறாத்தலிலிருந்து கிலோவுக்கு வந்ததைப் பற்றி எழுதும்போது எல்லோரும் பெருக்கல் எண்ணைச் சொல்வார்கள். அலகு பெரிதானால் விடுபடும் துண்டும் பெரிதாகும் என்பதை யாரும் சொல்வதில்லை. மெற்றிக் முறைக்குள்ளேயே இதற்கு மருந்தும் உண்டு. 7.8 என்று ஒரு தசமதானம் கூட்டி எழுதினால் விடுபடுவது சராசரியாக 50 கிராமுக்கு இறங்கிவிடும். மாதத்துக்கு நாலு கிலோவைத் தாண்டாது. பதினாறு அவுன்சு முறையில் இப்படிக் கூட்டி எழுத இன்னொரு நிரலே வேண்டியிருக்கும். ஆகவே புதிய முறை நிறுக்கிறவருக்குக் கூடுதல் வசதியைத் தருகிறது. அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விட்டால் பழைய முறையைவிடக் கூடுதல் நட்டத்தையும் தருகிறது. இரண்டும் உண்மை.

கடையில் கிடைக்கும் பொருட்களில் இந்த மாற்றம் எப்படி முடிந்தது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஓர் இறாத்தல் துல்லியமாக 453.59237 கிராம். 1959இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் சேர்ந்து இறாத்தலைக் கிலோவின் பின்னமாகவே வரையறுத்துவிட்டன, ஆகவே அதன்பிறகு இறாத்தல் தனியாள் அல்ல. இந்த எண்ணைப் பேக்கரிக்காரர் என்ன செய்தார்? 450 ஆக்கினார். அதை நாம் இன்னும் ஒரு இறாத்தல் பாண் என்றே வாங்குகிறோம். குறைந்தது 3.6 கிராம். வெண்ணெய்க்காரர் அதே இறாத்தலில் பாதியை 227 கிராம் என்று வைத்துக்கொண்டார். அச்சாக அரை இறாத்தல், தூசு குறையவில்லை. பாணில் வெண்ணெய் பூசுகிறவர் ஒரே தட்டில் இரண்டு விதமான மாற்றத்தைச் சாப்பிடுகிறார். மூட்டைக்கு வந்தால், அந்தர் 50.8 கிலோ. உரமும் சீமெந்தும் 50 கிலோ மூட்டையாகிவிட்டன. உர மூட்டையைக் கமக்காரர் இன்னும் அந்தர் என்கிறார். மூட்டைக்கு 800 கிராம் உதிர்ந்துவிட்டது. தொன்னிலும் அப்படியே. 20 அந்தர் கொண்ட பழைய தொன் 1,016 கிலோ, மெற்றிக் தொன் 1,000.

தங்கம் மட்டும் எதிர்த்திசையில் போனது. பவுண் என்பது ஆங்கிலேயரின் தங்க நாணயம், 7.988 கிராம். நகைக்கடை அதை 8 கிராம் என்று மேலே தூக்கியது. பவுணுக்கு 12 மில்லிகிராம் கூடுதல். விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும் என்பதால் யாருக்கும் லாபம் என்று சொல்ல முடியாது. ஆனால் இங்கே இன்னொரு பொறி உண்டு. தங்கத்தின் அவுன்சு வேறு, மிளகின் அவுன்சு வேறு. மிளகின் அவுன்சு 28.35 கிராம். உலகச் சந்தையில் தங்க விலை சொல்லும் அவுன்சு 31.1 கிராம். அப்படியானால் தங்கத்தின் இறாத்தலும் கனமாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். அதற்கு 12 அவுன்சுதான், 373 கிராம். ஓர் அவுன்சு தங்கம் ஓர் அவுன்சு மிளகைவிடக் கனம், ஓர் இறாத்தல் தங்கம் ஓர் இறாத்தல் மிளகைவிட லேசு. இதை ஒரு பிள்ளைக்குப் படிப்பித்துப் பாருங்கள். பழைய முறையின் மீது எனக்கு இருந்த பாசம் முழுக்க இந்த இடத்தில்தான் உடைந்தது. கிராமுக்கு இரண்டு முகம் இல்லை.

பாணுக்குத் திரும்பினால், பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை 2024இல் வர்த்தமானியில் எடையை வரையறுத்தது. முழுப் பாண் 450 கிராம், அரைப் பாண் 225. முழுப் பாணில் 13.5 கிராம் வரை குறையலாம், அரைப் பாணில் 9 கிராம் வரை. ஆக, இறாத்தலைக் கிலோவாக மாற்றியதில் இழந்த 3.6 கிராம் பற்றிக் கவலைப்பட்டவர், சட்டமே அனுமதிக்கும் குறை அதைப்போல நாலு மடங்குக்குக் கிட்ட என்பதையும் கவனிக்கவேண்டும். மாவு புளித்து, வெந்து, ஆறி, ஈரம் விட்டு வரும் பண்டத்துக்கு அந்த இடம் தேவைதான்.

மருந்தில் இப்படி இடம் விட முடியாது, ஆனாலும் அங்கேயும் பழைய அலகின் எலும்பு தெரிகிறது. ஆஸ்பிரின் வில்லை முன்பு 5 கிரெயின். ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம், ஐந்துக்கு 324. அமெரிக்கா அதை 325 ஆக்கியது, பிரித்தானியா 300 ஆக்கியது. நம் மருந்தகங்களில் கிடைப்பது பிரித்தானிய வழி. ஒரே வில்லை கடலின் இரு கரையிலும் இரண்டு விதமாக உருண்டிருக்கிறது.

மெற்றிக்கின் உண்மையான ஆபத்து அங்கே இல்லை. அது பிழையை மறைப்பதில் இருக்கிறது. பழைய கணக்கில் ஒருவர் பதினாறுக்குப் பதிலாகப் பன்னிரண்டால் பெருக்கிவிட்டால் விடை கால்வாசி குறையும். அந்தருக்கு 112க்குப் பதில் 100 எடுத்தால் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு குறையும். பெரிய பிழைதான், ஆனால் ஆளைக் கொல்லாது. மெற்றிக்கில் புள்ளி ஓரிடம் தவறினால் பத்து மடங்கு. மில்லிகிராமையும் மைக்ரோகிராமையும் மாற்றி வாசித்தால் ஆயிரம் மடங்கு. விடையைப் பார்த்தாலும் தெரியாது, ஏனென்றால் இலக்கங்கள் அதேதான்: 1.5, 15, 150. பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பரசிற்றமோல் பாணி 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம். பிள்ளையின் உடல் நிறை கிலோவில், மருந்தின் அளவு மில்லிகிராமில், கரண்டி மில்லிலீற்றரில். மூன்று அலகையும் கோத்துப் பார்க்கும் தாதி ஒவ்வொரு தடவையும் புள்ளியைத்தான் காவல் காக்கிறார். மைக்ரோகிராமைச் சுருக்கி எழுதாமல் முழுச் சொல்லாக எழுதும்படி மருத்துவமனைகளில் வற்புறுத்துவது அதனால்தான்.

இரண்டு முறைகளும் கலந்து நிற்கும் காலம் இன்னும் மோசம். கனடா மெற்றிக்குக்கு மாறிக்கொண்டிருந்த 1983 யூலை 23இல் எயார் கனடா விமானம் ஒன்று 22,300 கிலோ எரிபொருள் வேண்டிய இடத்தில் ஏறத்தாழ 22,300 இறாத்தலோடு கிளம்பியது. லீற்றரைக் கிலோவாக மாற்ற 0.8 எடுக்கவேண்டிய இடத்தில், லீற்றரை இறாத்தலாக மாற்றும் 1.77ஐ எடுத்துவிட்டார்கள். நடு வானத்தில் எண்ணெய் தீர்ந்து, கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளத்தில் என்ஜின் இல்லாமல் இறக்கினார்கள். யாரும் சாகவில்லை. பெருக்கலில் பிழை இல்லை, எடுத்த எண்தான் பிழை.

லீற்றரும் கிலோவும் என்றதும் உக்குவளைக்கு மிகப் பொருத்தமான கணக்கு ஒன்று நினைவுக்கு வருகிறது. பொல்கொல்லையில் மகாவலியைத் திருப்பி, சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே கொண்டுவந்து, உக்குவளை மின்நிலையத்தில் விழ வைத்து, சுது கங்கையில் விடுகிறார்கள். 1976 முதல் இயங்கும் நிலையம் அது, கொள்ளளவு சுமார் 40 மெகாவாற்று. சுரங்கத்தை வடிவமைத்தபோது எடுத்த நீரோட்டம் வினாடிக்கு 2,000 கன அடி. அதாவது 56.6 கன மீற்றர். இந்த நீரின் நிறை என்ன?

கன அடியில் தொடங்குபவருக்கு முதலில் ஒரு கன அடி நீர் 62.4 இறாத்தல் என்பது மனப்பாடமாக இருக்கவேண்டும். 2,000 மடங்கு 1,24,800 இறாத்தல். 2,240ஆல் வகுத்தால் 55.7 பழைய தொன். மெற்றிக்கில் தொடங்குபவர் எதையும் மனப்பாடம் செய்யவேண்டாம். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ, ஒரு கன மீற்றர் ஒரு தொன். வினாடிக்கு 56.6 தொன், 56,600 கிலோ. கணக்கு முடிந்தது. 1790களில் பாரிசில் கிலோவைப் பெற்றெடுத்தவர்கள் நீரிலிருந்தே அதை எடுத்தார்கள் என்பதால் கிடைத்த வரம் இது. பிறகு கிலோ பிளாட்டினக் கட்டிக்குப் போனது. 2019 மே 20 முதல் கட்டியையும் விட்டு பிளாங்க் மாறிலியில் நிற்கிறது. ஆனால் உக்குவளைச் சுரங்கத்து நீருக்கு இன்னும் அந்தப் பழைய உறவு போதும். ரூபாயும் எடையும் ஒரே எண்ணில் இறங்கியபோது கடைக்கணக்கு எளிதானதுபோல, இங்கே கனவளவும் நிறையும் ஒரே எண்ணில் இறங்குகின்றன.

இந்த வரம் நீருக்கு மட்டும்தான். மிளகு வியாபாரி லீற்றர் நிறை என்று ஒன்றைக் கேட்பார். ஒரு லீற்றர் பாத்திரத்தை உலர்ந்த மிளகால் நிரப்பி நிறுத்தால் எத்தனை கிராம்? 550 கிராம் வந்தால் கனத்த, நன்றாக முற்றிய மிளகு. 500 என்றால் சாதாரணம். அதற்கும் கீழே போனால் பிஞ்சில் பறித்த லேசு மிளகு, சாறு இறக்கும் ஆலைகளுக்குத்தான் போகும். அங்கே காரச் சத்து முக்கியம், கனம் அல்ல. லீற்றரைக் கிராமாக மாற்றும் எண் இங்கே அட்டவணையில் இல்லை, கொடியில் இருக்கிறது. இறாத்தலிலும் புசலிலும் அளந்திருந்தாலும் அப்படித்தான்.

பச்சையிலிருந்து உலர்ந்ததற்கு மாறும் கணக்கும் அதே சாதி. மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறத்தாழ ஒரு கிலோ. மூன்று இறாத்தல் என்றால் ஒரு இறாத்தல். எந்த முறையில் நிறுத்தாலும் விகிதம் மாறாது. மாறுவது எங்கே காயவைப்பதை நிறுத்துகிறோம் என்பதில். ஏற்றுமதித் தரம் கேட்பது 12 சதவீத ஈரம். 14 சதவீதத்தில் நிறுத்துக் கொண்டுபோன 100 கிலோ மிளகில் உண்மையான மிளகு 86 கிலோ. அதை 12க்குக் காயவைத்தால் 97 கிலோ 730 கிராம். குறைந்த 2 கிலோ 270 கிராமை விலை பேசும்போது வாங்குகிறவர் தன் பக்கம் கழித்துக்கொள்வார், சில நேரம் அதற்கு மேலேயும். அந்தரிலிருந்து 50 கிலோ மூட்டைக்கு மாறியதில் நூறு கிலோவுக்கு உதிர்ந்தது 1 கிலோ 600 கிராம். அதைவிட இது கூடுதல். விற்கப் போகும் முன்பு இன்னொரு நாள் வெயிலில் விரித்துவிட்டுப் போனால் பேச்சு கிலோ விலையோடு முடியும்.